கருந்திரையும் வண்ணத்திரையும்

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தன் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியபோது அதன் ஆரம்ப வேகம் நொடிக்கு 256 கிலோபிட். அதற்கு முன் 04151 வட்டத்துத் தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டபடி 56 கிலோபிட்டை எட்டப் பார்த்த மோடம்களோடு காலம் தள்ளிய கள்ளக்குறிச்சி பிரவுசிங் சென்டர்களுக்கு, அது வந்து சேர்ந்தபோது பெரிய விடுதலை. ஒரு கம்பி வரும். பத்துக் கணினிகள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். இன்று அதே ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் நொடிக்கு 100 மெகாபிட் கண்ணாடி இழை வழியே வருகிறது. ஏறத்தாழ நானூறு மடங்கு.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. நான் எழுத விரும்புவது அந்த இணைப்பைக் கட்டி மேய்க்கும் வேலையைப் பற்றி. யாருக்கு எவ்வளவு, எந்தக் கணினிக்கு எந்த முகவரி, எதைத் திறந்துவிடுவது, எதை மூடுவது என்று முடிவு செய்து, அதை மென்பொருளுக்குப் புரியும்படி சொல்லும் வேலை. இருபது ஆண்டுகளில் அந்தச் சொல்லும் முறை தலைகீழாக மாறிவிட்டது. கருந்திரையில் எழுத்தெழுத்தாகத் தட்டி எழுதியதை இன்று வண்ணக் கட்டங்களில் சுட்டியால் தொட்டு முடிக்கிறோம். அந்த மாற்றத்தை இந்த ஊரில் இருந்தபடியே பார்த்தவன் என்ற முறையில், கைக்கு வந்ததையும் கைவிட்டுப் போனதையும் எழுதி வைக்கத் தோன்றுகிறது.

அன்றைய பிரவுசிங் சென்டரில் வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒரு கணினி உண்டு. கல்லாவுக்குப் பின்னால், மேசைக்கடியில், ஒரு பழைய பென்டியம் பெட்டி. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. இரண்டு நெட்வொர்க் கார்டு மட்டும் இருக்கும். ஒன்று மோடத்துக்கு, மற்றது ஸ்விட்சுக்கு. உள்ளே லினக்ஸ். அதில் மூன்று மென்பொருள்கள் இரவும் பகலும் ஓடும். ஒன்று ஒவ்வொரு கணினிக்கும் முகவரி வழங்கும். ஒன்று வாசற்காவல் பார்க்கும். மூன்றாவது ஸ்குயிட். ஒருவர் திறந்த பக்கத்தை அது தன்னிடம் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் அதே பக்கத்தைக் கேட்டால் வெளியே போகாமல் தன் கையிருப்பிலிருந்தே கொடுத்துவிடும். 256 கிலோபிட்டில் பத்துப் பேர் உட்கார முடிந்தது ஸ்குயிட்டின் புண்ணியத்தால்தான்.

இந்த மூன்றுக்கும் ஆளுக்கொரு அமைப்புக் கோப்பு. அதை விஐ என்ற எடிட்டரில் திறந்து திருத்த வேண்டும். ஸ்குயிட்டின் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகள் நீளும். பெரும்பகுதி விளக்கக் குறிப்பு. நமக்குத் தேவையானவை சில பத்து வரிகள்தான், ஆனால் அவை எங்கே கிடக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். அனுமதி விதிகளை அது மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். கடைசி வரி ‘எல்லாவற்றையும் மறு’ என்று இருக்கும். புதிதாக ஒரு கணினிக்கு அனுமதி எழுதும்போது அந்தக் கடைசி வரிக்குக் கீழே எழுதினால், எழுதியது எழுதியபடியே இருக்கும், ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தி கூட வராது. முகவரி வழங்கும் மென்பொருள் வேறு விதம்: வரிக் கடைசியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் அது எழுந்திருக்கவே மறுக்கும். லாக் கோப்பின் கடைசி வரிகளை எடுத்துப் பார்த்தால் எத்தனையாவது வரியில் கோளாறு என்று எண் இருக்கும். அங்கே போய்த் திருத்த வேண்டும்.

கடினமான வேலைதான். ஆனால் அந்தக் கோப்புக்கு ஒரு குணம் உண்டு. வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டுவிட்டால் அந்த வரியை மென்பொருள் கண்டுகொள்ளாது. மனிதன் மட்டும் படிப்பான். அந்த வரிகளில்தான் எங்கள் தொழிலின் நினைவு முழுவதும் இருந்தது. தேதி போட்டு, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதுவோம்: ‘பிளஸ் டூ ரிசல்ட்டுக்காகத் திறந்தது, மறுநாள் மூடணும்’. ‘அஞ்சாம் நம்பர் கார்டு மழையில போயிடுச்சு, மாத்தியாச்சு’. ‘கடைக்காரர் சொன்னதால இதை நிறுத்தி வெச்சிருக்கு, எடுக்காதே’. ஓராண்டு கழித்து வேறொருவர் வந்து கோப்பைத் திறந்தாலும், என்ன செய்யப்பட்டது என்பதோடு ஏன் செய்யப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

பிளஸ் டூ தேர்வு முடிவு நாளை இந்த ஊரில் அப்போது இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காலை ஒன்பது மணிக்கே பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம் கூடிவிடும். கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துப் பிள்ளைகள் பெற்றோரோடு பஸ் ஏறி வந்திருப்பார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கியவர்களும் இருப்பார்கள். பதிவெண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால், மதிப்பெண் அச்சடித்த தாள் திரும்பி வரும். அந்த ஒரு நாளுக்காக முந்தின இரவே உட்கார்ந்து, மற்ற தளங்களுக்கு வேகத்தைக் குறைத்து, முடிவு வெளியாகும் தளங்களுக்கு வழி அகலப்படுத்தி வைப்போம். அதுவும் கோப்பில் நான்கைந்து வரிதான். இன்று முடிவு கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. அந்தக் கூட்டமும் இல்லை, அந்த நான்கைந்து வரிக்கு வேலையும் இல்லை. பெற்றோருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். அதை இழப்புக் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

கோப்புகளுக்கு மேல் ஒரு திரையைப் போர்த்தும் முயற்சி அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலிய நிரலாளர் ஜேமி கேமரூன் 1997இல் வெளியிட்ட வெப்மின் அதில் முக்கியமானது. பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. சர்வரில் நிறுவிவிட்டு, அதே நெட்வொர்க்கில் உள்ள எந்தக் கணினியிலும் பிரவுசரைத் திறந்து, சர்வர் முகவரியோடு 10000 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பக்கம் திறக்கும். ஸ்குயிட்டுக்கு ஒரு சின்னம், முகவரி வழங்கிக்கு ஒரு சின்னம், வாசற்காவலுக்கு ஒரு சின்னம். மேலே நான் சொன்ன அனுமதி விதிகள் ஒரு பட்டியலாக வரும். பக்கத்தில் மேல் நோக்கியும் கீழ் நோக்கியும் அம்புக்குறிகள். கடைசி வரிக்குக் கீழே விழுந்துவிட்ட விதியை அம்பைத் தொட்டு மேலே ஏற்றிவிடலாம். எந்த வரிக்கு மேல் எந்த வரி என்று மனத்தில் வைத்திருந்த ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வரிசையாக மாறியது.

அதே காலத்தில் இன்னொரு கருவி இருந்தது. விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பாவோடு சேர்ந்து வந்த ஸ்வாட். 901 என்ற போர்ட்டில் திறக்கும். அதுவும் பிரவுசர் வழிதான், அதுவும் எளிமைதான். ஆனால் அதில் ஒரு முறை சேமி என்று அழுத்தினால், கோப்பைத் தன் போக்கில் திருப்பி எழுதிவிடும். ஹேஷ் குறி போட்டு எழுதி வைத்த குறிப்புகள் அத்தனையும் போய்விடும். அதன் கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. வெப்மின் அப்படியல்ல, உள்ள கோப்பையே திறந்து, தேவையான வரியை மட்டும் மாற்றி, குறிப்புகளைத் தொடாமல் விட்டுவிடும். இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. ஆனால் ஒன்று முன்பு வந்தவனின் எழுத்தை மதித்தது, மற்றது மதிக்கவில்லை. திரை என்பது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். 2013இல் வந்த சாம்பா 4.1 பதிப்போடு ஸ்வாட் நீக்கப்பட்டது. வெப்மின் இன்னும் இருக்கிறது.

அரசுப் பள்ளிகளுக்குத் திரை வேறு வழியில் வந்தது. 2007 வாக்கில் சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதன் வழியாகப் பள்ளிகளுக்குப் போன கணினிகளிலும் சூசே ஏறியது. அதில் யாஸ்ட் என்று ஒரு கருவி. நெட்வொர்க் கார்டு, பிரிண்டர், பயனர் கணக்கு, ஃபயர்வால் எல்லாம் ஒரே ஜன்னலில். கணினி ஆசிரியர் ஒருவர் கட்டளை ஒன்றும் தெரியாமலேயே ஆய்வகத்துக்கு முகவரி எண் கொடுத்துவிட முடிந்தது. அப்போது இந்தப் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. மலை மேலுள்ள பள்ளியில் ஒரு கணினி தகராறு செய்தால், சரிசெய்யத் தெரிந்தவர் கச்சிராயபாளையம் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போக வேண்டும். போய்விட்டு மாலை பஸ்ஸைப் பிடித்து இறங்க வேண்டும். யாஸ்ட் ஜன்னலில் எதைத் தொடுவது என்று ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தப் பயணம் குறையும். இன்று யாஸ்ட்டும் விடைபெறுகிறது. 2025இல் வந்த சூசேயின் புதிய பதிப்பில் அதன் இடத்தில் காக்பிட் என்ற கருவி இருக்கிறது. அது மறுபடியும் பிரவுசருக்குள் திறக்கிறது.

எங்கள் தொழிலில் பெரிய திருப்பம் மைக்ரோடிக் வந்தபோதுதான். லாட்வியா நாட்டின் ரிகா நகரில் 1996இல் தொடங்கிய நிறுவனம். சில ஆயிரம் ரூபாய்க்கு உள்ளங்கை அளவு ரூட்டர் ஒன்றைத் தந்தது. மேசைக்கடியில் இருந்த பென்டியம் பெட்டி செய்த வேலையை, பக்கங்களைச் சேமித்து வைப்பது நீங்கலாக, அது சத்தமில்லாமல் செய்தது. மின்செலவும் சொற்பம். அதை ஆள்வதற்கு வின்பாக்ஸ் என்ற சின்ன மென்பொருள். நிறுவக்கூட வேண்டாம், பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். திறந்தால், அதே ஒயரில் இருக்கும் ரூட்டர்களைத் தானே தேடிப் பட்டியலிடும். ரூட்டருக்கு ஐபி முகவரியே கொடுக்காவிட்டாலும், அதன் உடம்பில் பதிந்த மேக் முகவரியைத் தொட்டு உள்ளே போய்விடலாம்.

அதில் கியூஸ் என்ற பக்கத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு வேகம் என்று வரையறுக்கும் இடம் அது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சிறு சின்னம் இருக்கும். ஒதுக்கிய வேகத்தில் பாதி வரை பயன்பட்டால் பச்சை. பாதியைத் தாண்டி முக்கால் வரை மஞ்சள். அதற்கும் மேல் சிவப்பு. நொடிக்கு நொடி நிறம் மாறிக்கொண்டே இருக்கும். பெயரை இருமுறை சொடுக்கினால் வரைபடம் எழும்பும். யார் எப்போது எவ்வளவு இழுத்தார்கள் என்று மலை உச்சியும் பள்ளமுமாகத் தெரியும். கருந்திரைக் காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள லாக் கோப்பைக் கட்டளை மேல் கட்டளையாகச் சலிக்க வேண்டும். தெரிவதற்குள் நடந்தது நடந்து முடிந்திருக்கும்.

அந்த நிறங்கள்தான் இந்த வேலையைப் பலருக்குத் திறந்துவிட்டன. ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருவர் இருந்தார். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். ஸ்குயிட் கோப்பை அவர் தொட்டதில்லை. தொடச் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. வின்பாக்ஸ் வந்த பிறகு போன் அவரிடமிருந்து வேறு மாதிரி வர ஆரம்பித்தது.

“அண்ணே, ஏழாம் நம்பர் ரொம்ப நேரமா சிவப்பாவே இருக்கு. படம் எறக்குறாங்க போல. குறைக்கட்டுமா?”

“குறைம்மா. 512 வச்சுடு. சாயங்காலம் எடுத்துவிடு.”

“சரிண்ணே, வச்சுட்டேன். இப்ப மஞ்சளுக்கு வந்துடுச்சு.”

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முன்பு இந்த முடிவை எடுக்க என்னைப் போன்ற ஒருவன் சைக்கிளிலோ பைக்கிலோ அங்கே போக வேண்டும். இப்போது முடிவு அந்த இடத்தில், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கையில். திரையில் உள்ளதெல்லாம் ஆங்கிலம்தான்; ஆனாலும் இடமும் நிறமும் எண்ணும் போதுமானவையாக இருந்தன. பிறகு ஐடிஐ முடித்த பையன்கள், பாலிடெக்னிக்கில் பாதியில் நின்றவர்கள், கேபிள் டி.வி. வேலைக்குக் கம்பம் ஏறிய இளைஞர்கள் எல்லோரும் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கருந்திரை அவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

வின்பாக்ஸில் இன்னொரு பொத்தானையும் சொல்லாமல் விடக் கூடாது: சேஃப் மோட். தொலைவில் இருக்கும் ரூட்டரில் மாற்றம் செய்யும்போது அதை அழுத்திவிட்டுத் தொடங்கினால், நாம் செய்த மாற்றத்தால் நம் இணைப்பே அறுந்துபோனாலும், செய்ததையெல்லாம் ரூட்டர் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து மலையடிவாரத்து ரூட்டரைத் தொடும் ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, இரவு பத்து மணிக்குக் கோமுகி அணைப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

திறந்த கதவு எல்லோருக்கும் திறந்த கதவு. 2018 ஏப்ரலில் வின்பாக்ஸ் பயன்படுத்தும் 8291 போர்ட் வழியே, கடவுச்சொல் தெரியாதவரும் ரூட்டருக்குள் இருக்கும் கோப்புகளைப் படித்துவிட முடியும் என்று தெரியவந்தது. மைக்ரோடிக் உடனே திருத்தப் பதிப்பை வெளியிட்டது. ஆனால் அதை ஏற்ற வேண்டியவர்கள் உலகம் முழுவதும் சிறு சிறு ஊர்களில் பரவிக் கிடந்தார்கள். பெரும்பாலோர் ஏற்றவில்லை. சில மாதங்களில் பிரேசிலில் தொடங்கி, இந்தியா உட்படப் பல நாடுகளில், லட்சக்கணக்கான ரூட்டர்கள் வழியே போன பக்கங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் செருகப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் வெப்மின் பற்றி அதைவிட மோசமான செய்தி. அதைத் தயாரித்து வெளியிடும் கணினிக்குள்ளேயே யாரோ 2018இல் புகுந்து, பின்வாசல் ஒன்றை நிரலில் வைத்துவிட்டிருந்தார்கள். திருத்தப் பதிப்பு வரும்வரை அது ஓராண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தது.

கருந்திரையில் வேலை செய்தவர்கள் எல்லோரும் பாதுகாப்பாக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்; அதிலும் ஓட்டைகள் இருந்தன. ஆனால் எந்த மென்பொருள் ஓடுகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கோப்பைத் திறந்து வரி வரியாக எழுதி வைத்தவனுக்குத் தெரிந்திருக்கும். சுட்டியால் மட்டும் வேலை கற்ற பையன்களிடம் 8291 என்றால் என்ன என்று கேட்டபோது பலருக்குத் தெரியவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. திரை அதை அவர்களுக்குச் சொல்லவே இல்லை. மின்சாரம் வந்து போன பிறகு, கோடை இடி விழுந்து ஸ்விட்சில் நான்கு போர்ட் எரிந்துபோன பிறகு, திரையே திறக்காத நேரத்தில் என்ன செய்வது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கேபிளை நேரடியாகச் செருகி, ஒவ்வொரு பகுதியாக உயிர் இருக்கிறதா என்று விசாரிக்கும் பழக்கம் மெல்ல அருகிவருகிறது. அதைத்தான் நான் உண்மையான இழப்பு என்று கருதுகிறேன்.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் விரிந்து கிடக்கும் நிலம்; மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அதன் பிறகுதான் மற்ற ஊர்களைப் போல அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, மின்சாரம், பள்ளி, தொலைபேசி எல்லாமே சமவெளிக்கு வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் மேலே ஏறின. கைப்பேசி சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்பது அங்கே நெடுநாள் வழக்கம்.

அன்று அந்த மக்களுக்கு நெட்வொர்க் இல்லாதது ஒரு வசதிக் குறைவு மட்டுமே. இன்று அப்படியல்ல. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவிக்கு இணைப்பு வேண்டும். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வேலையிடத்திலேயே படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. அதற்கும் இணைப்பு வேண்டும். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அன்று தாளில் எழுதிக் கொடுத்தது; இன்று திரையில் ஏற்ற வேண்டியது. தாளுக்கு இடியும் மழையும் பெரிய தடையாக இருந்ததில்லை.

பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பொறுப்பு தான்ஃபிநெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசு நிறுவனத்திடம் உள்ளது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே போகிறது. ஊராட்சிக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் வரை என்பது இலக்கு. நான் தொடக்கத்தில் சொன்ன 256 கிலோபிட்டோடு வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு. இது மிகப் பெரிய காரியம். மலைவாழ் பிள்ளைகளுக்கு இது கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் இந்த இழையை ஆளும் திரை எங்கே இருக்கிறது? சென்னையில், கண்காணிப்பு மையத்தில். அங்கே பெரிய சுவர்த் திரையில் ஒவ்வொரு ஊராட்சியும் ஒரு புள்ளி. பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது. சிவப்பு என்றால் அறுந்திருக்கிறது. மாநிலம் முழுவதையும் ஒரே அறையிலிருந்து பார்ப்பது வேறு எந்த முறையிலும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதுவரை ஆட்சியரைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியைத் தாண்டி, இன்னும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் விழுப்புரம் வரை போக வேண்டியிருந்தது. அந்தத் தூரம் குறைந்தது. நிர்வாகம் மக்களை நோக்கி ஓரடி எடுத்து வைத்த அதே ஆண்டுகளில், நெட்வொர்க்கை ஆளும் கை மட்டும் எதிர்த் திசையில் நடந்துவிட்டது. அன்று பிரவுசிங் சென்டர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த அதிகாரம், இன்று தனியார் இணைப்பானால் ஏதோ ஒரு நிறுவனத்தின் கிளவுடில், அரசு இணைப்பானால் தலைநகரில்.

இழை அறுந்தால் மேலே இருப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று. சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் லாஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு. ‘ரெட் லைட் எரியுது’ என்று இன்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதுதான். அதற்கு மேல் அந்தப் பெட்டி பேசாது. மரம் விழுந்து அறுந்ததா, ஜேசிபி தோண்டியதா, மேலே எங்கோ மின்சாரம் இல்லையா, எதுவும் தெரியாது. இழையில் வரும் ஒளியின் அளவு மைனஸ் இருபதுக்குப் பக்கத்தில் இருந்தால் நலம், மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால் இணைப்பு தள்ளாடும் என்பது எங்கள் பையன்களுக்கு மனப்பாடம். அந்த எண் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெட்டியின் உள்ளே போகும் கடவுச்சொல் ஊராட்சியில் யாரிடமும் இருப்பதில்லை. புகார் எண் ஒன்று கிடைக்கும், காத்திருக்க வேண்டும்.

கருந்திரைக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திரும்பவும் முடியாது. இன்று எங்களோடு வேலை செய்யும் பையன்களிடம் இரண்டு பழக்கங்களை மட்டும் விடாமல் வலியுறுத்துகிறோம். வின்பாக்ஸில் எந்த விதியைத் தொட்டாலும் அதற்குக் கமென்ட் எழுதும் ஒரு சிறு பொத்தான் உண்டு. பெரும்பாலோர் அதை அழுத்துவதில்லை. அதில் தேதியும் காரணமும் எழுதாமல் ஜன்னலை மூடக் கூடாது. இரண்டாவது, ரூட்டரின் மொத்த அமைப்பையும் எழுத்தாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் கட்டளை. ஒரே சொல்தான். அதை அடித்தால் வண்ணமும் கட்டங்களும் உதிர்ந்து, உள்ளே இருப்பது வரி வரியாகப் பழைய கோப்பைப் போலவே வந்து நிற்கும், எழுதிய கமென்ட்டோடு. மாதத்துக்கு ஒரு தடவையாவது அதை எடுத்து, முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் படித்தால், திரைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. படிக்க ஆரம்பித்தவர்களில் சிலர் இப்போது கட்டளையிலேயே வேலை செய்கிறார்கள். சுட்டியைவிட அது அவர்களுக்கு விரைவாக இருக்கிறது.

மலை விஷயத்தில் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் ‘பார்க்க மட்டும்’ என்று ஒரு கணக்கு வகை இருக்கிறது. எதையும் மாற்ற முடியாது, கெடுக்கவும் முடியாது. நிலையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மைக்ரோடிக்கில் உண்டு, வெப்மினில் உண்டு, பெரிய நிறுவனங்களின் மேலாண்மை மென்பொருள்களிலும் உண்டு. அப்படி ஒரு கணக்கை ஒவ்வொரு ஊராட்சிச் செயலருக்கும், பழங்குடியினர் உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தரலாம். கைப்பேசியில், தமிழில், மூன்றே மூன்று விவரம் போதும்: இழையில் ஒளி வருகிறதா, அறுந்திருந்தால் எந்த இரு ஊர்களுக்கு நடுவே, சரிசெய்ய ஆள் கிளம்பியாகிவிட்டதா. அது தெரிந்தால், சேராப்பட்டுப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து சான்றிதழுக்கு விண்ணப்பிக்க நடந்தே வரவிருக்கும் ஒரு தாய்க்கு, ‘நாளைக்கு வராதீங்கம்மா, லைன் நாளன்னிக்குத்தான் வரும்’ என்று முந்தின மாலையே செயலர் சொல்லி அனுப்பிவிடலாம்.